எலிக்கு ரவைத் தோட்டா சரிப்படுமா?

கேள்வி: தானியக் கிடங்கில் எலித் தொல்லை தாங்க முடியவில்லை. வேகம் குறைந்த ஷாட்கன் தோட்டா (ஒற்றைக் குண்டுக்குப் பதில் ரவை எனும் பொடிக் குண்டுகள் நிரப்பியது) இருக்கிறது, சுவர் கெடாது, உள்ளேயே சுடலாம் என்கிறார் நண்பர். நம்பலாமா?

பதில்: தோட்டா இருக்கிறது என்பது வரை நம்பலாம். அது புதுச் சரக்கும் இல்லை. பாரிசில் ஃபுளோபெர் என்பவர் 1845-ல் வெடிமருந்தே இல்லாமல் கேப்பின் (தட்டினால் வெடிக்கும் சின்ன மூடி) வெடிப்பு மட்டும் குண்டைத் தள்ளும்படி ஒரு தோட்டா செய்தார். அவர் பெயரைத் தாங்கிய 9 மி.மீ. ரவைத் தோட்டா பிற்பாடு தோட்டத்துத் துப்பாக்கிகளில் புகுந்தது. .22 துப்பாக்கிக்கு 'எலி ரவை' என்றே ஒன்று விற்கிறார்கள். உள்ளே 12-ஆம் எண் ரவை, ஒவ்வொன்றும் 1.3 மி.மீ. விட்டம், மொத்தமும் சேர்ந்து 2 கிராம் தேறும்.

இவ்வளவு பொடி ரவை காற்றில் சீக்கிரமே வேகம் இழந்துவிடும். வரிக்குழல் துப்பாக்கி (குண்டைச் சுழற்ற குழலுக்குள் வரி வெட்டியது) என்றால் சுழற்சியில் ரவை சிதறி, நடுவில் எலி போகுமளவு வெற்றிடம் விழும். இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் அடிபட்ட எலி உடனே சாவதில்லை, ஓடுகிறது. எங்கே ஓடும்? சுவர் இடுக்குக்குள். அப்புறம் அங்கேயே செத்து நாறும். அந்த நாற்றத்தைத் தேடிச் சுவரைப் பெயர்ப்பதற்கும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிடங்குகளில் எலி பிடித்துத்தான் நான் சோறு சாப்பிட்டேன்.

சுவர் கெடாமலே இருக்கட்டும். கான்கிரீட்டிலும் இரும்பிலும் பட்ட ரவை திரும்பி வரும். உங்கள் கண்ணுக்கு அந்த வேகம் போதும். ஷாட்கன் சத்தம் சாதாரணமாக 150 டெசிபலைத் தாண்டும். காதுக்கு ஆபத்து 140-லேயே தொடங்குகிறது. மருந்து குறைந்தால் சத்தம் கொஞ்சம் இறங்கும், ஆனால் மூடிய இடத்தில் நான்கு சுவரும் அதைத் திருப்பியடிக்கும்.

இதையெல்லாம் விட எனக்குப் பயம் உங்கள் சரக்கைப் பற்றித்தான். ஈய ரவை தானியத்தில் கலந்தால் யார் பொறுக்கி எடுப்பது? தானியத் தூசி காற்றில் அடர்ந்து நிற்கும்போது ஒரு தீப்பொறி பட்டால் கிடங்கே வெடிக்கும். துப்பாக்கி வாயில் வருவது தீப்பொறி மட்டுமல்ல, தீ நாக்கு. நண்பருக்கு எலி மேல் கோபம் இருக்கலாம், உங்கள் கிடங்கு மேல் இருக்க வேண்டாம்.

கேள்வி: சாதாரணத் தோட்டாவைப் பிரித்து, மருந்தைக் குறைத்து, நானே செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம். மருந்து போதாமல் அடைப்பான் (மருந்துக்கும் ரவைக்கும் நடுவிலுள்ள தக்கை) குழலுக்குள்ளேயே நின்றுவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த வெடியில் குழல் பிளக்கும், பக்கத்தில் இருப்பது உங்கள் கை.

கேள்வி: பொறி வைத்துப் பார்த்தேன். எலி பக்கத்திலேயே வருவதில்லையே?

பதில்: வராது. பெரிய எலிக்குப் புதிய பொருள் எதைப் பார்த்தாலும் சந்தேகம். சில நாள் பொறியை விசை ஏற்றாமல் இரை மட்டும் வைத்து விடுங்கள். தின்று பழகட்டும், பிறகு ஒரே இரவில் எல்லாவற்றையும் ஏற்றுங்கள். ஒன்றிரண்டு போதாது, தாராளமாக வையுங்கள். நடுத்தரையில் வைப்பது வீண். எலி சுவரை உரசியே போகும் என்பதால் பொறி சுவருக்குக் குறுக்காக, இரைப் பக்கம் சுவரைத் தொட்டபடி இருக்க வேண்டும்.

வழியை அடைக்காவிட்டால் இதெல்லாம் தண்ட வேலை. சுண்டெலிக்கு 6 மி.மீ. சந்து போதும், பெரிய எலிக்கு 12. இரும்புக் கம்பளி திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள். வெறும் நுரை அடைத்தால் கடித்துத் துப்பிவிடும். புழுக்கையைக் காய்ந்தபடியே பெருக்காதீர்கள், தூசியோடு நோய்க்கிருமி மூக்கில் ஏறும். ப்ளீச் கரைசலில் நன்றாக நனைத்து, ஐந்து நிமிடம் விட்டு, கையுறையோடு துடைத்தெடுங்கள்.

கேள்வி: காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவி வாங்கியிருக்கிறேன். பலன் உண்டா?

பதில்: முதலில் மிரளும், அப்புறம் பழகிவிடும். வாங்கிவிட்டீர்கள், சரி, ஓடட்டும். பொறியையும் வையுங்கள்.