நெட் ஸ்லோவா இருக்கா? பிளானை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

கேள்வி: சார், எங்க வீட்ல 100 எம்பிபிஎஸ் ஃபைபர் கனெக்‌ஷன். ஹால்ல நல்லாதான் வருது. உள் ரூம்ல பொண்ணு ஆபீஸ் மீட்டிங்ல உக்காந்தா குரல் விட்டு விட்டு வருது, வீடியோ அப்படியே நின்னுடுது. கஸ்டமர் கேருக்கு ஃபோன் போட்டா 300 பிளானுக்கு மாறிடுங்க மேடம்னு சொல்றாங்க. மாறினா சரியாயிடுமா?
— வாசகி, மதுரை

பதில்: இப்போதைக்கு மாறாதீங்கம்மா. ஹால்ல நல்லா வருதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்போ தெருவுல இருந்து வீடு வரைக்கும் வர்ற லைன் பெரும்பாலும் சரியாதான் இருக்கு, ரவுட்டர்ல இருந்து உள் ரூம் போற வழியிலதான் எங்கயோ அடிபடுது. 300 போட்டாலும் அந்த 300 ஹால் வரைக்கும்தான் வரும், உள் ரூம்ல இதே கதைதான். ஒரு மீட்டிங் வீடியோவுக்கு 4, 5 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். எந்த இடத்துல கோளாறுன்னு ஒரு கேள்விகூட கேக்காம பெரிய பிளானைத் தலையில கட்டுறது சரியில்லைன்னு இங்க அழுத்திச் சொல்லணும், மாசா மாசம் அந்தக் கூடுதல் காசு உங்க கையில இருந்துதானே போகுது.

முதல்ல லைன்ல பிரச்சனையா வைஃபையில பிரச்சனையான்னு பிரிச்சுப் பாக்கணும். உள் ரூம்லயே லேப்டாப்பை வெச்சுக்கிட்டு, விண்டோஸ்னா கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பிங்னு இங்கிலீஷ்ல (ping) அடிச்சு ஸ்பேஸ் விட்டு ரவுட்டரோட நம்பரை அடிச்சு என்டர் தட்டுங்க. நிறைய வீடுகள்ல அது 192.168.1.1, இல்லேன்னா ரவுட்டருக்கு அடியில ஸ்டிக்கர்ல இருக்கும். ஒரு சின்ன தகவல் ரவுட்டருக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆச்சுன்னு வரிசையா மில்லிசெகண்ட் கணக்கு வரும். 2, 3, 5ன்னு வந்தா வைஃபை ஆரோக்கியமா இருக்கு. 4, 180, 9, 350ன்னு தாறுமாறா குதிச்சாலோ நடுவுல டைம்ட் அவுட்னு வந்தாலோ கோளாறு வீட்டுக்குள்ளதான், ஏன்னா இந்த பிங் உங்க ரவுட்டரைத் தொட்டுட்டுத் திரும்பி வருது, தெருவுக்கே போகலை. அடுத்து 8.8.8.8க்கு பிங் பண்ணுங்க, அது கூகுளோட டிஎன்எஸ், அதாவது வீட்டுக்கு வெளிய இருக்குற கூகுள் கம்ப்யூட்டர். ரவுட்டர் வரைக்கும் ஒழுங்கா வந்து இது மட்டும் குதிச்சா அப்போ லைன்ல சந்தேகப்படலாம்.

உங்க வீட்டு விஷயத்துல வைஃபைன்னுதான் எனக்குப் படுது. நம்ம ஊர்ல ரவுட்டரை எங்க மாட்டுறாங்க? ஃபைபர் எந்த ஓட்டை வழியா உள்ள வருதோ அதுக்குப் பக்கத்துல, டிவிக்குப் பின்னாடி, சில வீட்ல இரும்பு பீரோ மேல. இரும்பு, முகம் பாக்குற கண்ணாடி, தண்ணி நிறைஞ்ச டேங்க் இதெல்லாம் சிக்னலை விடாது. ஒன்பது இன்ச் செங்கல் சுவர் ரெண்டு தாண்டினா வைஃபையோட 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ரொம்ப சுருங்கிடும். ஃபைபர் வர்ற ஆள்கிட்ட சொல்லி ஒயரைக் கூடுதலா இழுத்து ரவுட்டரை வீட்டுக்கு நடுவுல, ஆள் உயரத்துக்கு, நாலு பக்கமும் காலியா இருக்குற மாதிரி வைக்கச் சொல்லுங்க, நெறைய வீடுகள்ல இது ஒண்ணுலயே தீர்ந்துடும்.

அப்புறம் உள் ரூம்ல லேப்டாப் 2.4, 5 ரெண்டுல எந்த அலைவரிசை வைஃபைல கனெக்ட் ஆகியிருக்குன்னு பாருங்க. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனா பக்கத்து வீடு, மாடி வீடுன்னு எல்லாரும் அதுலதான் இருப்பாங்க, மைக்ரோவேவ் அடுப்பும் கிட்டத்தட்ட அதே அலைவரிசைதான், ப்ளூடூத்தும் அங்கதான். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகம் ஜாஸ்தி, நெரிசல் கம்மி, சுவரைத் தாண்டத்தான் சிரமப்படும். 2.4 தவிர வேற வழியில்லைன்னா ரவுட்டர் செட்டிங்ல சேனலை (அலைவரிசைக்குள்ள இருக்குற தனித்தனி பாதை) ஆட்டோல விடாம 1, 6, 11 இந்த மூணுல ஒண்ணு வெச்சுப் பாருங்க, இது மூணும்தான் ஒண்ணோட ஒண்ணு மோதாது.

இதெல்லாம் பண்ணியும் உள் ரூம்ல வரலேன்னா ரிப்பீட்டர் வாங்க ஓடாதீங்க. சாதாரண ரிப்பீட்டர் அதே அலைவரிசையில வாங்கி அதுலயே திருப்பி அனுப்புறதால வேகம் பாதிக்குப் பாதி குறையலாம். ஒரு நல்ல லேன் கேபிளை உள் ரூம் வரைக்கும் இழுத்து, அங்க பழைய ரவுட்டர் ஒண்ணை ஆக்சஸ் பாயிண்டா, அதாவது கேபிள்ல வர்ற நெட்டை அங்க வைஃபையா கொடுக்குற மாதிரி, மாட்டுறதுதான் என்னோட முதல் சாய்ஸ். பொண்ணு தினமும் உக்காந்து வேலை பாக்குற இடம்னா அந்த கேபிளை நேரா லேப்டாப்லயே சொருகிடலாம், மீட்டிங்குக்கு அதைவிட நம்பிக்கையானது எதுவும் இல்லை. கேபிள் கேட்-6னு கேட்டு வாங்குங்க, உள்ள எட்டு கம்பியும் கனெக்ட் ஆகியிருக்கணும். நாலு கம்பி மட்டும் போட்டு நுனி பிளக்கை கிரிம்ப் பண்ணினா (அழுத்தி மாட்டினா) 100ஐத் தாண்டவே தாண்டாது.

கேள்வி: அண்ணா, எங்க வீட்ல நெட் அடிக்கடி கட் ஆகுது, அப்பல்லாம் பாக்ஸ்ல ஒரு சிவப்பு லைட் மினுக்குது. காத்து அடிச்சா ரொம்ப மோசம். ஆளு வந்து ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டுப் போயிடுறாரு, மறுபடியும் அதேதான்.
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, அந்த சிவப்பு லைட் பக்கத்துல எல்ஓஎஸ்னு எழுதியிருக்கான்னு பாருங்க. இருந்தா உங்க பாக்ஸுக்கு ஃபைபர் வழியா வெளிச்சம் போதுமான அளவு வரலைன்னு அர்த்தம், ரீஸ்டார்ட் பண்ணி இதைச் சரி பண்ண முடியாது. காத்து அடிச்சா மோசம்னு சொல்றது முக்கியமான தடயம். போஸ்ட்ல இருந்து தொங்குற ஒயர் ஆடுது, எங்கயோ மடங்குது, இல்லேன்னா ஜாயின்ட் லூஸு. அணில் கடிச்ச ஒயரும் உண்டு.

வீட்டுக்குள்ள நீங்களே பாக்கக்கூடியது ஒண்ணு இருக்கு. பாக்ஸுக்குப் பின்னாடி சொருகியிருக்குற மெல்லிசான மஞ்சள் இல்லேன்னா வெள்ளை ஒயர், அது சுவரோரம் நறுக்குனு மடங்கியிருக்கா, டிவி ஸ்டாண்ட் அது மேல உக்காந்திருக்கா, ஆணியில சுத்திக் கட்டியிருக்கான்னு பாருங்க. உள்ள இருக்கிறது முடி மாதிரி கண்ணாடி இழை, கூர்மையா மடங்கின இடத்துல வெளிச்சம் வெளிய கசிஞ்சு போயிடும். பெரிய வட்டமா தளர்வா விடணும். நுனியில இருக்குற கனெக்டர் பச்சையா நீலமான்னும் கவனிங்க. பச்சையோட முனை லேசா சாய்வா தேய்ச்சிருக்கும், நீலத்தோடது நேரா இருக்கும், பச்சைக்கு நீலத்தைச் சொருகினா உள்ள போயிடும், ஆனா ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி விழுந்து வெளிச்சம் வீணாகும். ஒண்ணே ஒண்ணு, கழட்டின நுனியைக் கண்ணுக்கு நேரா வெச்சுப் பாக்காதீங்க, அதுல வர்றது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

ஆளு வந்தா ஆப்டிகல் பவர் எவ்வளவுன்னு மீட்டர் வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. மைனஸ் 15ல இருந்து மைனஸ் 25 டிபிஎம் (வெளிச்சத்தோட பலத்தை அளக்குற அலகு) வரைக்கும் இருந்தா நல்லது, மைனஸ் 27ஐ ஒட்டிப் போச்சுன்னா கட் ஆகிட்டேதான் இருக்கும். நிறைய பாக்ஸ்கள்ல பிரவுசர்ல ரவுட்டரோட செட்டிங் பக்கத்துக்குள்ள போனா ஆர்எக்ஸ் பவர்னு இதே நம்பர் தெரியும். நெட் நல்லா இருக்கும்போது ஒண்ணு, காத்து அடிக்கும்போது ஒண்ணு ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, அதைக் காட்டினா ரீஸ்டார்ட் பண்ணிட்டுப் போக அவருக்கும் மனசு வராது.

கேள்வி: ராத்திரி எட்டு மணியில இருந்து பதினொண்ணு வரைக்கும் மட்டும் நெட் தவழுது. காலையில பறக்குது. ஏன்?
— வாசகர், கும்பகோணம்

பதில்: ஒரே ஃபைபரை ஸ்பிளிட்டர் வெச்சு 32, 64 வீட்டுக்குப் பிரிச்சுக் கொடுக்குறாங்க. ஜிபான்ங்கிற இந்த முறையில அத்தனை பேருக்கும் சேர்த்து டவுன்லோடு சுமார் 2.5 ஜிபிபிஎஸ்தான். அதைவிட, உங்க ஏரியா ஆபரேட்டர் மேல இருந்து வாங்குற மொத்த பேண்ட்வித் கம்மியா இருந்தா எல்லாரும் படம் பாக்குற நேரத்துல நெருக்கும். ஆனா அந்த நேரத்துல பக்கத்து வீட்டு வைஃபையும் ஜாஸ்தி ஓடும், அதனால கம்ப்ளைன்ட்டுக்கு முன்னாடி லேன் கேபிள் சொருகி, மத்த எல்லாத்தையும் வைஃபைல இருந்து எடுத்துட்டு, காலையில ஒரு தடவை ராத்திரி ஒரு தடவை ஸ்பீட் டெஸ்ட் எடுங்க, நாலஞ்சு நாள் ஸ்க்ரீன்ஷாட்டா சேருங்க. கேபிள்லயும் ராத்திரி விழுந்தா அது அவங்க பொறுப்பு. கம்ப்ளைன்ட் பண்ணி டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்காம ஃபோனை வைக்காதீங்க. தீரலைன்னா அதே கம்பெனியோட அப்பலேட் அதாரிட்டிக்கு மேல்முறையீடு பண்ணலாம், டிராய் (டெலிகாம் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஆணையம்) 2012ல கொண்டு வந்த விதியில இந்த ரெண்டாவது படி இருக்கு, காசு கிடையாது, டாக்கெட் நம்பர்தான் வேணும்.

கேள்வி: 200 பிளான் போட்டும் டவுன்லோடு 24தான் காட்டுது. ஏமாத்துறாங்களா?
— வாசகர், ஓசூர்

பதில்: இல்லைங்க. பிளான்ல சொல்றது மெகாபிட், டவுன்லோடுல காட்டுறது மெகாபைட், எட்டு பிட் ஒரு பைட். 200ஐ எட்டால வகுத்தா 25. உங்களுக்குக் கிட்டத்தட்ட முழுசா வருது.

கேள்வி: கரண்ட் போனா இன்வெர்டர் எடுத்துக்குது, ஆனாலும் நெட் ரெண்டு மூணு நிமிஷம் போயிடுது. பரீட்சை நேரத்துல பசங்களுக்குக் கஷ்டமா இருக்கு.
— வாசகி, சேலம்

பதில்: கரண்ட் போய் இன்வெர்டர் எடுக்குற அந்தக் கண் சிமிட்டுற நேரம் போதும், ரவுட்டர் அணைஞ்சு மறுபடி முதல்ல இருந்து பூட் ஆகும். ரவுட்டருக்குன்னே சின்ன டிசி யூபிஎஸ் விக்குது, அதை நடுவுல மாட்டுங்கம்மா. வாங்குறதுக்கு முன்னாடி உங்க அடாப்டர்ல எழுதியிருக்குற வோல்ட், ஆம்பியரைப் பாருங்க, பெரும்பாலும் 12 வோல்ட்தான், ஆனா ஆம்பியர் 1, 1.5, 2ன்னு மாறும், யூபிஎஸ் அந்த ஆம்பியருக்குக் குறையக் கூடாது, வோல்ட் அச்சு அசலா அதேதான் இருக்கணும். ஃபைபர் பாக்ஸ் தனி, ரவுட்டர் தனியா இருந்தா ரெண்டுக்கும் பவர் வேணும். இதை மாட்டியும் கரண்ட் போகும்போது சிவப்பு லைட் எரிஞ்சா ஏரியா ஆபரேட்டரோட பக்கம் பேட்டரி பேக்கப் இல்லைன்னு அர்த்தம், அவர்கிட்ட தெரு ஆளுங்க நாலு பேரா சேர்ந்து போய்க் கேளுங்க.