அக்காவைக் கேளுங்கள்: எரியும் குப்பை

கேள்வி: அக்கா, தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு பகாவ் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்துவிட்டோம். அப்பா லயத்தில் செய்ததைப்போல் இங்கேயும் பின்வாசலில் குப்பையை எரிக்கிறார். பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள்.
– வாசகி, பகாவ்

பதில்: அவர்கள் கோபம் நியாயமானது, தங்கையே. அன்று லயத்தில் எரிந்தது சருகும் காகிதமும். இன்று எரிவது பிளாஸ்டிக் பையும் குழந்தையின் டயப்பரும். அந்தப் புகை ஒட்டு வீடுகளுக்குள் நுழைவதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதைக்கிறது. திறந்தவெளியில் எரிப்பது மலேசியாவின் 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றமும்கூட. பகாவ் இருக்கும் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் 2015 செப்டம்பர் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயம். வாரம் இருமுறை பொதுக் குப்பையையும், ஒருமுறை மறுசுழற்சிப் பொருள்களையும் லாரி எடுக்கும்.

அப்பாவிடம் சட்டம் பேசாதே. மண்ணோடு பழகிய கைக்கு வேலை கொடு. மூடியுள்ள பழைய வாளியின் அடியில் ஓட்டை போட்டு, காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, அவர் கூட்டிப் பெருக்கும் சருகு எல்லாவற்றையும் அதில் போட்டு மக்கவைத்து உரமாக்கச் சொல். ஈரக் கழிவைவிடச் சருகு இருமடங்கு இருக்கட்டும். நாற்றம் எடுத்தால் சருகு போதவில்லை என்று பொருள். மீன் கழிவு மட்டும் கூடாது, எலி வரும். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை இந்த உரத்தில்தான் செழிக்கிறது.

பால் டின்னைக் கழுவி நசுக்கி மறுசுழற்சிப் பையில் போடு. வெளியே கிடந்து மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும்.