ஒட்டுக் கட்டிய கள்ளிச்செடிக்கு வேர்ச்செடியின் குணம் வருமா?

மேலே ஒட்டிய கள்ளி கொஞ்ச நாளில், கீழே வேரோடு இருக்கிற அடிச்செடி (வேர்ச்செடி) மாதிரி மாறிவிடுமா என்றால், மாறாது. இரண்டின் மரபணுவும் தனித்தனியாகவே இருக்கும். ஒட்டிய இடத்தில் நீரும் சத்தும் போகும் குழாய்கள் இணைகின்றன, அவ்வளவுதான். கடைகளில் பச்சைத் தண்டின் மேல் சிவப்புப் பந்து உட்கார்ந்திருக்குமே, அந்தப் பந்து பச்சையமே இல்லாத ஜிம்னோகேலிசியம் என்ற கள்ளி, கீழே இருப்பது பெரும்பாலும் டிராகன் பழக் கள்ளி. எத்தனை வருடம் அதன் சாப்பாட்டைச் சாப்பிட்டாலும் பந்து பச்சையாவதில்லை.

ஆனால் வளர்கிற விதம் மாறும், நன்றாகவே மாறும். பெரெஸ்கியாப்சிஸ் என்ற கள்ளியின் தண்டில் ஒரு குட்டி நாற்றை ஒட்டிப் பாருங்கள், சொந்த வேரில் வருடக்கணக்கில் பட்டாணி அளவிலேயே நிற்கிற இனம்கூட சில மாதத்தில் உப்பி, பக்கக் குட்டிகள் போட்டு, சீக்கிரமே பூத்தும் விடும். உடம்பு ஊதிப்போவதால் முள் இடைவெளி விட்டுத் தெரியும், பார்த்தால் வேறு இனமோ என்று சந்தேகம் வரும். (எனக்கு இந்த ஊளைச்சதை அழகு பிடிக்காது, அது வேறு விஷயம்.) இதெல்லாம் தீனியின் வேலை. அதையே வெட்டிச் சொந்த வேரில் வளர்த்தால் புதிதாக வரும் பகுதி பழைய உருவத்துக்கே திரும்பும், விதை எடுத்தாலும் வேர்ச்செடியின் குணம் அதில் இருக்காது.

குளிர் தாங்குவதும் வேர் அழுகுவதும் அடிச்செடியையும் பொறுத்தது. டிராகன் பழக் கள்ளிக்குக் குளிர் ஆகாது, அது போனால் மேலே இருப்பதும் போச்சு.

அரிதாக, ஒட்டிய இடத்திலிருந்தே இரண்டு செடியின் திசுவும் கலந்த ஒரு முளை வரும், அதற்குக் கைமீரா என்று பெயர். அதிலும் செல்கள் அடுத்தடுத்து நிற்கின்றனவே தவிர ஒன்றாகிவிடுவதில்லை.