கடலோர மைதானம் என்று விற்றுவிட்டு உள்நாட்டு மைதானத்துக்கு மாற்றலாமா?

கேள்வி: லண்டன் ஹரோ பக்கம் இருக்கும் நாங்கள் 12 நண்பர்கள், அக்டோபர் நடுவில் ஸ்பெயினின் மயோர்கா தீவுக்கு கோல்ஃப் விளையாடப் போகத் திட்டமிட்டோம். லண்டனில் உள்ள ஒரு கோல்ஃப் பயண நிறுவனத்திடம் நான்கு இரவு ஹோட்டலும் மூன்று ரவுண்டும் சேர்த்து ஆளுக்கு 980 பவுணுக்குப் பதிவு செய்தேன். மூன்றில் இரண்டு ரவுண்ட் கடலை ஒட்டிய ஒரு மைதானத்தில். அந்த மைதானத்தின் படத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் சம்மதித்தார்கள். விமானச்சீட்டை அவரவரே வாங்கிவிட்டோம். இப்போது, ஆகஸ்ட் இறுதியில், கிரீன்களை, அதாவது குழிகளைச் சுற்றியுள்ள புல்தரைகளைப் புதுப்பிக்க அந்த மைதானத்தை மூடுகிறார்களாம். இரண்டு ரவுண்டையும் தீவின் உட்பகுதியில் உள்ள வேறொரு மைதானத்துக்கு மாற்றிவிட்டோம், பணம் திரும்பத் தர மாட்டோம் என்று நிறுவனம் எழுதியிருக்கிறது. 'மைதானத்தை மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு' என்ற நிபந்தனையைக் காட்டுகிறார்கள். நடுவில் ஒரு நண்பருக்கு முழங்கால் ஆபரேஷன். அவர் என்னிடம் காசைத் திரும்பக் கேட்கிறார். இன்னொருவர் இலங்கைக் கடவுச்சீட்டில் இருப்பவர், விசா இன்னும் எடுக்கவில்லை. எல்லோரிடமும் காசை வாங்கி என் கிரெடிட் கார்டில்தான் கட்டினேன். இன்னொன்று: 12 பேருக்கு ஒரு இடம் இலவசம் என்றார்கள், அது எனக்கு. மற்றவர்களுக்கு அது தெரியாது. நான் என்ன செய்யவேண்டும்?

பதில்: கடைசியில் போகிற போக்கில் சொன்ன அந்த இலவச இடம்தான் உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நிறுவனத்தைப் பார்ப்போம்.

விமானம் சேராததால் இது சட்டப் பாதுகாப்புள்ள பேக்கேஜ் (தொகுப்புப் பயணம்) இல்லை என்று அவர்கள் சொல்லிப் பார்க்கலாம். அது எடுபடாது. பிரித்தானியாவின் 2018 பேக்கேஜ் பயண விதிகளின்படி, தங்குமிடத்தோடு வேறொரு சுற்றுலாச் சேவையைச் சேர்த்து விற்றாலும் அது பேக்கேஜ்தான். அந்தச் சேவை மொத்த மதிப்பில் கணிசமான பங்காக இருக்கவேண்டும், பொதுவாக 25 சதவீதம் என்று கணக்கு வைப்பார்கள். அல்லது பயணத்தின் முக்கிய அம்சமாக விளம்பரப்படுத்தியிருக்கவேண்டும். கோல்ஃப் பயணம் என்று பெயர் வைத்து விற்றவர்கள் கோல்ஃப் முக்கியமில்லை என்று எப்படி வாதாடுவார்கள்?

பேக்கேஜ் என்று வந்துவிட்டால் அந்த 'உரிமை உண்டு' நிபந்தனையின் பலம் குறைந்துவிடும். ஒப்பந்தத்தில் இடம் வைத்திருந்தாலும் சின்ன மாற்றங்களை மட்டுமே நிறுவனம் தன்னிச்சையாகச் செய்யலாம். பயணத்தின் முக்கியத் தன்மையையே கணிசமாக மாற்றவேண்டி வந்தால், முடிவெடுப்பது நீங்கள். மாற்றத்தை ஏற்கலாம், அல்லது கட்டணம் எதுவும் இல்லாமல் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். முடித்தால் 14 நாளுக்குள் முழுப் பணமும் திரும்ப வரவேண்டும். ஏற்றுக்கொண்டு, ஆனால் புதிய ஏற்பாடு தரத்திலோ விலையிலோ குறைந்ததாக இருந்தால், விலையைத் தக்கபடி குறைக்கவேண்டும்.

கடலோரத்திலிருந்து உள்நாட்டுக்கு மாற்றுவது 'கணிசமான' மாற்றமா? மூன்றில் ஒரு ரவுண்ட் மட்டும் மாறியிருந்தால் நான் தயங்கியிருப்பேன். இங்கே மூன்றில் இரண்டு போய்விட்டது, விற்றதே அந்தக் கடல் படத்தைக் காட்டித்தான். என் கருத்தில் இது கணிசமான மாற்றம். ஆனால் அதை நிரூபிக்க அந்த விளம்பரப் பக்கம் கையில் இருக்கவேண்டும். இணையத்தில் அதை மாற்றுவதற்கு முன் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பதிவு உறுதிப்படுத்திய மின்னஞ்சலில் மைதானத்தின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

சரி, ரத்து செய்யலாமா? அவசரப்படாதீர்கள். பேக்கேஜை முடித்தால் விமானச்சீட்டு தனியாகக் கையில் நிற்கும். விமான நிறுவனம் பறக்கத் தயாராக இருக்கும்போது நீங்கள் போகாவிட்டால், சாதாரணச் சீட்டுக்குக் காசு திரும்பாது. அந்த நஷ்டத்தைக் கோல்ஃப் நிறுவனத்திடம் கேட்கலாம். பொதுவாகத் தவிர்க்க முடியாத, அசாதாரணமான சூழல் என்றால்தான் நஷ்ட ஈட்டிலிருந்து அவர்கள் தப்பலாம். கிரீன் புதுப்பிப்பு புயலோ நிலநடுக்கமோ அல்ல, யாரோ திட்டமிட்டுச் செய்யும் வேலை. மைதானம் அவர்களுக்கு எப்போது அறிவித்தது என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்திருந்தால் அவர்கள் நிலை ரொம்ப மோசம். இருந்தாலும் இது வாதாடி வாங்கவேண்டிய பணம்.

அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் வேறொரு கடலோர மைதானத்தில் டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரப் பதிவு) கேட்பேன். தீவில் கடல் தெரியும் மைதானம் ஒன்றோடு முடிந்துவிடவில்லை. முடியாது என்றால், இரண்டு மைதானங்களின் கிரீன் ஃபீக்கும் (விளையாடும் கட்டணம்) உள்ள வித்தியாசத்தோடு, பயணத்தின் கவர்ச்சி போனதற்கும் சேர்த்து ஒரு தொகையைக் குறைக்கச் சொல்வேன். மாற்று மைதானத்தை ஏற்கும் முன் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: இலையுதிர் காலத்தில் பல மைதானங்கள் கிரீனில் துளை போட்டு மணல் நிரப்புவார்கள், உங்கள் தேதியில் அங்கே அந்த வேலை இருக்கிறதா? துளை போட்ட கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டிப் பார்த்தவருக்கு அந்த எரிச்சல் தெரியும். சட்டம் அதைப் பெரிய மாற்றமாக எடுத்துக்கொள்ளும் என்று நான் நம்பவில்லை. முன்கூட்டியே கேட்பதுதான் வழி.

எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதுங்கள், பதில் சொல்ல அவர்கள் கெடு கொடுத்திருந்தால் அது முடிவதற்குள் எழுதுங்கள். மௌனம் உங்களுக்குச் சாதகமில்லை.

அவர்கள் இறங்கி வராவிட்டால் கார்ட் வங்கி இருக்கிறது. 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75 ஆம் பிரிவின்படி, 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரை விலையுள்ள ஒன்றைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், விற்றவரின் ஒப்பந்த மீறலுக்கு வங்கியும் பொறுப்பு. உங்கள் பில் 11 இடத்துக்கு 10,780 பவுண், வரம்புக்குள் வருகிறது. ஒப்பந்தமும் கார்டும் உங்கள் பெயரில் இருப்பதால் கோரிக்கையை நீங்களே வைக்கவேண்டும், நண்பர்கள் நேரடியாக வங்கியிடம் போக முடியாது. எட்டு வாரத்தில் வங்கி தீர்க்காவிட்டால் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் (Financial Ombudsman) போகலாம். நீதிமன்றம் என்றால், இங்கிலாந்தில் 10,000 பவுண் வரையான வழக்கை சட்டத்தரணி இல்லாமலே சிறு வழக்காக நடத்தலாம். விலைக்குறைப்புக் கோரிக்கை அதைத் தாண்டாது.

இப்போது அந்த இலவச இடம். எப்போதாவது, இலாபம் இல்லாமல், ஒரு சின்ன வட்டத்துக்கு மட்டும் ஒழுங்கு செய்பவர்களை பேக்கேஜ் விதிகள் விட்டுவிடுகின்றன. ஆகவே மைதானம் மாறியதற்கு நண்பர்கள் உங்கள் மீது அந்த விதிகளைக் காட்டி வரமுடியாது. ஆனால் நீங்கள் அவர்கள் காசை வாங்கி அவர்களுக்காகப் பேரம் பேசியவர். அந்த நிலையில் இருப்பவர் தனக்குக் கிடைத்த சலுகையை மறைத்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதில் ஆங்கிலேயச் சட்டம் மிகக் கண்டிப்பு. மொண்டே கார்லோ கிராண்ட் ஹோட்டலை வாங்கியவர்களுக்காகப் பேச்சு நடத்திய முகவர், விற்பவரிடமிருந்து 1 கோடி யூரோ கமிஷன் வாங்கியதை வாங்குபவர்களிடம் சரியாகச் சொல்லவில்லை. 2014 இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அந்தப் பணம் முழுவதும் வாங்கியவர்களுடையது என்று தீர்ப்பளித்தது. உங்கள் 980 பவுணுக்காக யாரும் உச்ச நீதிமன்றம் போகப்போவதில்லை, ஆனாலும் கொள்கை அதேதான். நிறுவனத்துடன் சண்டை தொடங்கினால் கணக்குத் தாள் எல்லோர் கண்ணிலும் படும். அதற்கு முன் வாட்ஸப் குழுவில் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒழுங்கு செய்த வேலைக்கு அதை வைத்துக்கொள்ளட்டும் என்று அவர்கள் சொன்னால் பிரச்சினை இல்லை. அப்படிச் சொல்லாவிட்டால் அந்தத் தொகையை 12 ஆகப் பிரித்துக் கொடுங்கள், ஆளுக்கு ஏறக்குறைய 82 பவுண் குறையும்.

முழங்கால் நண்பருக்கு உங்கள் பையிலிருந்து கொடுக்கவேண்டியதில்லை. பயணத்துக்கு ஏழு நாள் முன்பு வரை அறிவித்தால், அவர் இடத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றும் உரிமை உண்டு. நிறுவனம் உண்மையான செலவை மட்டுமே வாங்கலாம். இன்னும் கட்டவேண்டிய பணம் ஏதாவது இருந்தால் பழையவர், புதியவர் இருவரும் பொறுப்பு. விமானச்சீட்டின் பெயர்மாற்றம் தனிச் செலவு. ஆள் கிடைக்காவிட்டால் அவருடைய பயணக் காப்புறுதியைப் பாருங்கள், ஆனால் முழங்கால் வலி முன்பே இருந்ததை அவர் அறிவித்திருந்தாரா என்று கட்டாயம் கேட்பார்கள்.

கோல்ஃப் பை உடைந்து வந்தால் மயோர்காவின் பால்மா விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் அங்கேயே முறைப்பாடு எழுதி, ஏழு நாளுக்குள் விமான நிறுவனத்துக்கும் எழுத்தில் அனுப்பவேண்டும் என்பதை எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

விசா விஷயம்தான் உடனடி அவசரம். ஸ்பெயினுக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்குக் குறைந்தது 15 நாள் முன்பாவது விண்ணப்பிக்கவேண்டும், கட்டணம் 90 யூரோ, முடிவு வரவே வழக்கமாக 15 நாள் ஆகும். ஹோட்டல் பதிவைத்தான் அவர் ஆதாரமாகக் காட்டப்போகிறார். பேக்கேஜை ரத்து செய்தால் அந்த ஆதாரமும் போய்விடும். எனவே போவதா இல்லையா என்று இந்த வாரமே குழுவில் முடிவெடுங்கள். லண்டனில் நேரம் கிடைப்பது கஷ்டம், சந்திப்புத் தேதியை அவர் இன்றைக்கே பதிந்துவிடட்டும்.