பெயரில் பிளாக்செயின் இருக்கிறது என்பதற்காகத் தறிக்குடோனை அடமானம் வைக்காதீர்கள்

சோமனூர்ப் பக்கமிருந்து ஒரு அப்பா எழுதியிருந்தார். எட்டு விசைத்தறி, கூலிக்கு ஓடுகிறது. மகள் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி, கணக்கில் நல்ல மார்க்கு. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு பழைய லேப்டாப்பில் பிட்காயின், எத்தீரியம் என்று எதையோ திறந்து வைத்துப் படம் போடுகிறாளாம், காசை எங்காவது விட்டுவிடுவாளோ என்று வீட்டில் பயம். இதைக் கேள்விப்பட்ட தாய்மாமன், "பிளாக்செயின்தானே புடிக்குது, அதுக்கே கோர்ஸ் இருக்குதுங்க" என்று ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மேனேஜ்மெண்ட் சீட்டு பேசிவிட்டார். நான்கு வருடத்துக்கு 12 லட்சம். தறிக்குடோனை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். மகள் போட்ட படங்களில் மூன்றையும் அனுப்பியிருந்தார்.

அண்ணா, பயத்துக்கு முதலில் பதில். பிட்காயின், எத்தீரியம் என்பவை இணையத்தில் ஓடுகிற கிரிப்டோ பணம். அதில் நடக்கிற கொடுக்கல் வாங்கலைக் கட்டுக்கட்டாக, அதாவது பிளாக் பிளாக்காக, சங்கிலி போலச் சேர்த்து எழுதுகிற கணக்குப் புத்தகம்தான் பிளாக்செயின். இந்த இரண்டிலும் ஒவ்வொரு பரிவர்த்தனையும் பொதுவில் கிடக்கிறது. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எவ்வளவு, எந்த நேரத்தில் என்று யார் வேண்டுமானாலும் ஈதர்ஸ்கேன் மாதிரித் தளத்தில் பார்க்கலாம், ஒரு பைசா போட வேண்டியதில்லை. உங்கள் மகள் பார்த்திருக்கிறாள், வாங்கவில்லை. அவ்வளவுதான்.

இனி ஆறுதல் சொல்லப் போவதில்லை. அந்த சீட்டு வேண்டாம்.

மாமன் சொன்ன படிப்பு நிஜமாகவே இருக்கிறது. கணினி அறிவியல் பொறியியலில் இன்டர்நெட் ஆஃப் திங்ஸ், சைபர் செக்யூரிட்டி, கூடவே பிளாக்செயின் என்று நீளமாகப் பெயர் வைத்த பிரிவு. பெயரில் இத்தனை விஷயம் இருந்தாலும் நான்கு வருடத்தில் பெரும்பகுதி எல்லாக் கணினி மாணவர்களும் படிக்கிற அதே பாடங்கள்தான், பிளாக்செயினுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு பேப்பர். அதைவிட முக்கியம், உங்கள் பெண்ணுக்குப் பிடித்தது பிளாக்செயினே இல்லை. அவளுக்கு அது நூல். நூல் பிடித்ததால் அவள் தறிக்கு வரவில்லை, அவள் மனதில் இருப்பது துணியின் டிசைன்.

படங்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன். எத்தீரியத்தில் 12 விநாடிக்கு ஒரு பிளாக் சேர்கிறது. அதிலுள்ள பரிவர்த்தனைகளை எடுத்து ஒவ்வொன்றையும் ஒரு கோடாக்கியிருக்கிறாள். அனுப்பியவரின் முகவரியில் 40 குறிகள் இருக்கும், எல்லாம் 0 முதல் 9, ஏ முதல் எஃப் வரை. கணினி நிறத்தை எழுதுவதும் அதே குறிகளில் ஆறு என்பதால், முதல் ஆறை எடுத்து அப்படியே கோட்டின் நிறமாக வைத்துவிட்டாள். தொகைதான் தடிமன். ஒரு பிளாக் போல இன்னொன்று இருக்காது, அதனால் ஒரு படம் போல இன்னொன்று வராது. ஆனால் முதல் படம் பாழ்: ஒரே ஒரு பட்டை திரையை அடைத்துக்கொண்டு நிற்கிறது, மற்றதெல்லாம் மயிரிழை. காரணம், பெரும்பாலான பரிவர்த்தனைகள் சின்னத் தொகை, யாரோ ஒருவர் மட்டும் ஆயிரக்கணக்கான மடங்கு அனுப்பியிருக்கிறார். மூன்றாவது படத்தில் தொகைக்குப் பதிலாக, பெரிய எண்ணைச் சுருக்கிக் காட்டுகிற அதன் மடக்கையைத் (லாக்) தடிமனாக்கியிருக்கிறாள், மொத்தக் கூட்டமும் கண்ணுக்கு வந்துவிட்டது. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டாவது படம் எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. அதில் தொகையும் நேரமும் இல்லை, பரிவர்த்தனையின் ஹேஷ் மட்டும், அதாவது அதன் விவரங்களைக் கலக்கிக் கணினி உண்டாக்குகிற அடையாளம், 64 குறி. ஒரு எழுத்து மாறினாலும் முழுக்க வேறொன்றாகிவிடும்படி கட்டப்பட்டது ஹேஷ். அதிலிருந்து எடுத்த படம் அழகாக இருக்கும், ஆனால் பணம் எப்படிப் போனது என்று எதையும் காட்டாது. கணினி நிரல் வரைகிற படங்களை விற்க 2020 நவம்பரில் தொடங்கிய ஆர்ட் பிளாக்ஸ் தளத்துப் படங்களெல்லாம் இப்படி ஹேஷை விதையாக வைத்துப் பிறப்பவைதான், உலகம் கொண்டாடியது. இவள் அதைச் செய்து பார்த்துவிட்டு, ஓரத்தில் "இதில் எதுவும் தெரியவில்லை" என்று எழுதிவிட்டுத் தொகைக்குத் திரும்பியிருக்கிறாள். எது எதேச்சை, எதில் ஒழுங்கு இருக்கிறது என்ற இந்தக் கேள்வியிலேயே மூன்று வருடம் உட்கார வைக்கிற படிப்பு ஒன்று உண்டு. பி.எஸ்சி. புள்ளியியல்.

முகம் சுளிக்காதீர்கள். அரசுக் கல்லூரிக் கலந்தாய்வில் பி.காமும் கணினி அறிவியலும் போன பிறகு மிச்சமிருக்கிற சீட்டு என்றுதான் நம் ஊரில் இதைப் பார்க்கிறோம். ஆனால் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று பாருங்கள். நிகழ்தகவு, பரவல்கள் (முதல் படத்தை அந்தப் பட்டை ஏன் கெடுத்தது என்பது இங்கேதான் முழுதாகப் புரியும்), மாதிரி எடுத்தல், உடன்தொடர்பு, காலத்தொடர், ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் செய்முறை. 1858-ல் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல், கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயத்தைவிட நோயால்தான் அதிகம் செத்தார்கள் என்பதை வண்ண வட்டப் படமாக வரைந்து காட்டினார். லண்டன் புள்ளியியல் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. எண்ணைப் படமாக்குவது இந்தத் துறையில் அவ்வளவு பழைய வேலை.

கோவை அரசு கலைக் கல்லூரியில் புள்ளியியல் இருக்கிறது. 1852-ல் பள்ளியாக ஆரம்பித்து வளர்ந்த கல்லூரி, ஜங்ஷனிலிருந்து நடந்துவிடலாம், சோமனூரிலிருந்து ரயிலில் தினமும் போய்வரலாம், ஹாஸ்டல் செலவே வராது. விண்ணப்பத்துக்குக் கடந்த ஆண்டுகளில் 50 ரூபாய்தான் வாங்கினார்கள். வருடக் கட்டணம் ஆயிரங்களில் முடிந்துவிடும். 6 முதல் 12 வரை அவள் தமிழ் வழியில் படித்த பள்ளி அரசு உதவி பெறுவது என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம்.

அப்புறம்? பட்டம் முடித்ததும், வடிவமைப்பு (டிசைன்) முதுநிலைப் படிப்பான எம்.டெஸ்.ஸுக்கான சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வை எழுதலாம். ப்ளஸ் டூவுக்குப் பிறகு மூன்று வருடப் பட்டம் இருந்தால் போதும், எந்தத் துறையானாலும் சரி, வயது வரம்பு கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். மும்பை ஐஐடியின் வடிவமைப்புத் துறை மாதிரி இடங்கள் அந்த மதிப்பெண்ணை வைத்து எம்.டெஸ். படிப்புக்கு எடுக்கின்றன, ஆனால் மூன்று வருட பி.எஸ்சி.யை ஏற்பார்களா என்று ஒவ்வொரு இடத்திலும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தகவலைப் படமாக்குவதற்கென்றே தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் (NID) பெங்களூரு வளாகத்தில் தனி முதுநிலைப் பிரிவு உண்டு. மனம் மாறிக் கணக்குப் பக்கமே போகிறேன் என்றால் ஐஐடிகளில் எம்.எஸ்சி. புள்ளியியல் படிக்க ஜாம் தேர்வு இருக்கிறது, அரசு வேலை என்றால் மத்தியில் இந்தியப் புள்ளியியல் பணி, மாநிலத்தில் டிஎன்பிஎஸ்சியின் புள்ளியியல் பணிகள். திருடிய கிரிப்டோ எந்த முகவரி வழியாக எங்கே போனது என்று படம் போட்டுத் துரத்துகிற நிறுவனங்களும் இருக்கின்றன. மூன்று வருடம் முடிந்த கையோடு ஐடி கம்பெனிச் சம்பளம் வருமா என்றால் எல்லோருக்கும் வராது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் கடனும் இருக்காது.

மகளுக்கும் ஒரு வார்த்தை. கண்ணு, படத்தை டோக்கனாக்கி, அதாவது பிளாக்செயினில் உரிமைச் சீட்டு மாதிரி ஏற்றி, விற்றுப் பிழைக்கலாம் என்று கணக்குப் போடாதே. 2021-ல் கோடிகளில் போன சந்தை அடுத்த வருடமே சரிந்தது. இந்தியாவில் 2022 ஏப்ரலிலிருந்து அந்த லாபத்துக்கு 30 சதவீத வரி, ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றில் கழிக்கவும் முடியாது. டோக்கன் ஏற்றுவதற்கென்று அப்பாவிடம் ஒரு ரூபாய் கேட்காதே. படம் மட்டும் போடு, எந்தத் தரவு, எதை எதாக மாற்றினாய், எது பாழாய்ப் போனது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதி வை. நாளைக்கு எம்.டெஸ். நேர்காணலில் கேட்கப் போவது அதைத்தான்.

அண்ணா, தாய்மாமனுக்கு உள்ள மரியாதையைக் கொடுங்கள், ஆனால் வட்டி கட்டப் போவது அவர் இல்லை. தறி கையில் இருந்து ஓடினால்தான் வீடு நிற்கும். சீட்டுக்கு முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் இன்றே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அரசுக் கல்லூரி விண்ணப்பத்தில் முதல் விருப்பம் புள்ளியியல், இரண்டாவது கணிதம் என்று போடுங்கள். மாமன் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு வாங்க, மகளை லேப்டாப்போடு வரச் சொல்லுங்கள், அவளே விளக்கட்டும்.