சால்வை போர்த்திய கொலையாளி

கேள்வி: 1888-இல் லண்டனைக் கதிகலங்க வைத்த ஜாக் த ரிப்பர் யார் என்பது, கொலையான பெண்ணின் சால்வையில் எடுத்த டி.என்.ஏ. மூலம் தெரிந்துவிட்டதாமே? இனி அமெச்சூர் துப்பறிவாளர்கள் கடையைக் கட்டலாம்தானே? (வாசகர், திருப்பூர்)

பதில்: சால்வை என்றதும் அல்லவா வயிற்றைக் கலக்குகிறது! நம்மூர் மேடையில் ஒரே மாலையில் ஒருவர் தோளில் பத்துப் பதினைந்து பொன்னாடை விழுகிறது. அதில் பாதி அடுத்த வாரம் வேறொருவர் தோளுக்குப் போய்விடும். அதைச் சோதித்தால் மாவட்டச் செயலாளர் முதல் மைக்செட்காரர் வரை அத்தனை பேரும் உள்ளே போக வேண்டியதுதான். (பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று இந்தப் பக்கத்தில் எழுதி எழுதியே சில விழாக் குழுக்களின் பகை. இருக்கட்டும்.)

லண்டன் சால்வையும் அப்படித்தான். செப்டம்பர் 30 அதிகாலை மைட்டர் சதுக்கத்தில் கேத்தரின் எட்டோஸ் கொல்லப்பட்டார். அங்கிருந்து சார்ஜென்ட் ஏமாஸ் சிம்ப்சன் சால்வையை எடுத்துப் போனார் என்பது அவர் குடும்பத்தில் வழிவழியாக வந்த கதை. அவரோ மெட்ரோபாலிட்டன் போலீஸ். சதுக்கமோ சிட்டி போலீஸ் எல்லை. லண்டனில் இரண்டும் தனித்தனிப் படைகள். எட்டோஸின் உடைமைகளை சிட்டி போலீஸ் உருப்படி விடாமல் எழுதி வைத்திருக்கிறது: ஆறு துண்டு சோப்பு, இரண்டு களிமண் புகைக்குழாய், டீத்தூள் டப்பா, சர்க்கரை டப்பா, ஒரு டீஸ்பூன். சோப்புத் துண்டை எண்ணியவர்கள் எட்டடி நீளப் பட்டுச் சால்வையையா விட்டிருப்பார்கள்? கூட வாழ்ந்தவரின் பூட்ஸையே இரண்டரை ஷில்லிங்குக்கு அடகு வைத்த பெண்ணிடம் பட்டுக்கு ஏது வழி!

2007-இல் ஏலத்தில் விற்ற இந்தத் துணியில்தான் 2014-இல் ‘கண்டுபிடிப்பு’. ஒப்பிட்டது மைட்டோகாண்ட்ரியல் டி.என்.ஏ. தாய்வழியில் மட்டுமே இறங்குவது. ஆயிரக்கணக்கானோருக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆளைக் கழிக்க உதவும், ஆளைப் பிடிக்க உதவாது. எட்டோஸின் வழித்தோன்றலோடு பொருந்திய ‘314.1சி’ என்ற மாற்றம் 2,90,000 பேரில் ஒருவருக்குத்தான் இருக்கும் என்றார்கள். முறைப்படி அதை ‘315.1சி’ என்று குறித்திருக்க வேண்டும். அது ஐரோப்பிய வம்சாவளியினரில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு உண்டு! இந்தச் சோதனையை வைத்துக் கொலையாளி என்று குற்றம் சுமத்தப்பட்ட ஏரன் கோஸ்மின்ஸ்கி, லண்டனில் வாழ்ந்த போலந்து யூதர்; 1891-இல் மனநல விடுதிக்குப் போய் 1919-இல் இறந்தவர். பாவம், இன்னும் விட மாட்டேன் என்கிறார்கள்.

துணிதான் வேண்டுமென்றால் அசல் துணி ஒன்று இருந்தது. அன்றே அதிகாலை 2.55-க்கு கோல்ஸ்டன் தெருவில் கான்ஸ்டபிள் ஆல்ஃபிரட் லாங் ரத்தக்கறை படிந்த ஏப்ரன் துண்டு ஒன்றை எடுத்தார். எட்டோஸ் கட்டியிருந்த ஏப்ரனில் கிழிந்த இடத்தோடு அது கச்சிதமாகப் பொருந்தியது. கொலையாளி தப்பிய திசையைக் காட்டும் ஒரே திடமான தடயம் அது. அதற்கு மேலே சுவரில் சாக்பீஸ் எழுத்து; அதில் யூதர்களைப் பற்றி ஒரு வரி. விடியட்டும், படமெடுத்துக்கொள்கிறோம் என்றது சிட்டி போலீஸ். யூதர்களுக்கு எதிராகக் கலவரம் வெடிக்கும் என்று பயந்து மெட்ரோபாலிட்டன் கமிஷனர் சர் சார்ல்ஸ் வாரன் வெளிச்சம் வருமுன்பே அழிக்க வைத்தார்.

அழித்ததற்காக அவர் பதவி போனது என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. உள்துறையின் அனுமதி வாங்காமல் பத்திரிகையில் போலீஸைப் பற்றிக் கட்டுரை எழுதியதற்குக் கண்டனம் வந்தது. நவம்பரில் ராஜினாமா செய்தார். தடயத்தை அழிக்கலாமாம், கட்டுரை எழுதக் கூடாதாம்!