ஆதிப்புள்ளியைத் தொடாத கோடு

அன்புள்ள ஐயா,

இயற்பியல் முதுகலை படிக்கிறேன். பெரிய இயற்பியலாளர்களுக்கு எண்பது வயதிலும் ஆர்வம் தணிவதில்லை. எனக்கு இப்போதே வற்றிவிட்டது. ஆய்வகத்தில் பள்ளியில் செய்த அதே தனி ஊசல்தான். நேராகக் குவாண்டம் ஈர்ப்புக்குப் போய்விடலாமா? முனைவர் பட்டத்துக்கு எந்தத் துறையை எடுப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இந்தச் சோர்வுக்காக உங்களைக் குறைத்து மதிப்பிட்டுக்கொள்ளாதீர்கள். துறையைப் பிறகு பார்க்கலாம். ஆனால் ‘அதே தனி ஊசல்’ என்றீர்களே, அதை விடமாட்டேன். ஈர்ப்பு முடுக்கத்தின் விடை 9.8 என்று தெரிந்துகொண்டு அளப்பவர்களுக்கு ஆர்வம் எப்படி மிஞ்சும் என்றுதான் கொஞ்ச காலமாக யோசித்துவருகிறேன்.

உண்மையைச் சொல்லுங்கள். அலைவு நேரத்தின் வர்க்கத்துக்கும் நீளத்துக்கும் வரைபடம் போட்டபோது, கோடு ஆதிப்புள்ளியைத் தொடவில்லை என்று ஸ்கேலைக் கொஞ்சம் நகர்த்தினீர்களா? அங்கேதான் ஆர்வத்தைக் கொன்றீர்கள்!

ஊசலின் நீளம் குண்டின் மையம் வரை. நீங்கள் நூலை மட்டும் அளந்து, குண்டின் ஆரத்தை விட்டிருப்பீர்கள். ஆரம் 1.5 செ.மீ. என்றால் கோடு அலைவு நேர வர்க்கத்தின் அச்சை 0.06 அருகே வெட்டும். சாய்வு மாறாது; அதிலிருந்து 9.8 சரியாகவே வரும். வெட்டுத்துண்டைச் சாய்வால் வகுத்தால் குண்டின் ஆரமே கிடைக்கும். அளக்க மறந்ததைக் கோடு சொல்லிக்கொடுக்கிறது. அந்தக் கோட்டை ஆதிப்புள்ளிக்கு இழுத்தால், 1 மீட்டர் நூலுக்கு 9.65தான் வரும். பிறகு ‘மனிதப் பிழை’ என்று எழுதி மூடிவிடுவீர்கள். தயவுசெய்து இனி அந்தச் சொல்லை எழுதாதீர்கள். எந்தப் பிழை, எவ்வளவு, எந்தப் பக்கம் என்று எழுதுங்கள்.

1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிசிலிருந்து நிலநடுக்கோட்டுக்கு அருகே தென் அமெரிக்காவிலுள்ள கயேனுக்குப் போனார். அங்கே அவருடைய ஊசல் கடிகாரம் நாளுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலை 3 மி.மீ.க்கும் சற்றுக் குறைவாகச் சுருக்கவேண்டி வந்தது. அவர் அதைக் கருவிக் கோளாறு என்று தள்ளிவிடவில்லை. அங்கே ஈர்ப்பு சற்றுக் குறைவு என்பதே காரணம். பூமி நடுவில் புடைத்திருக்கிறது என்று வாதிட்ட நியூட்டனுக்கு அந்த அளவீடு சான்றாக உதவியது. உங்கள் ஈர்ப்பும் அதே ஈர்ப்புதான்.

திரும்பச் செய்யுங்கள். பிளந்த தக்கையின் கூரிய விளிம்பில் நூலைப் பிடியுங்கள். உருண்டை விளிம்பானால் தொங்கும் புள்ளி நகரும். குண்டு தொங்கும்போதே நீளத்தை அளங்கள், நூல் இழுபடும். 30 முதல் 120 செ.மீ. வரை ஏழெட்டு நீளங்கள் போதும். வீச்சு 5 பாகைக்குள் இருக்கட்டும். 20 பாகையில் அலைவு நேரம் 0.8 விழுக்காடு வரை கூடிவிடும். குண்டு வட்டமடித்தால் நிறுத்திவிட்டு மறுபடி விடுங்கள். ஓரத்தில் குண்டு தயங்கி நிற்கும், கணம் பிடிபடாது. ஆகவே நடுப்புள்ளியைக் கடக்கும்போது கடிகாரத்தை அழுத்துங்கள். முதல் கடப்பு ‘சுழி’, ‘ஒன்று’ அல்ல. 50 அலைவுகள் எண்ணினால் கைத்தாமதம் 0.2 நொடியானாலும் ஓர் அலைவுக்கு 0.004தான்.

கடைசியில் குண்டை வெர்னியர் அளவியால் அளந்து, கோடு தந்த ஆரத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் அட்டவணையோடு எனக்கு எழுதுங்கள். துறையைப் பற்றி அப்போது பேசலாம்.